"சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள்": மலேசியப் படப்பிடிப்புக்கு அழைக்கப்பட்ட எடிட்டருக்கு வழக்கறிஞரின் பதில்

கோத்தகிரியை அடுத்த ஓர் ஊரிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கும் எடிட்டராக வேலை பார்த்துவந்த இவர், கொரோனா ஊரடங்கின்போது ஊர் திரும்பியவர். இப்போது வீட்டு மாடியறையில் கணினியை வைத்துக்கொண்டு ப்ரொமோக்களும் விளம்பரத் துண்டுகளும் வெட்டித் தருகிறார். மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் இணையம் அறுந்துபோவதுமாக, கொடுத்த கெடுவுக்குள் வேலையை அனுப்ப முடியாமல் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறார். தந்தைக்கு இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சை இலைக்குக் கிடைக்கும் விலையை நம்பி வீட்டுக் கடனை அடைக்க முடியாது என்பதை நம் மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில், சென்னைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று மலேசியாவில் எடுக்கவிருக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு, படப்பிடிப்புத் தளத்திலேயே தங்கி எடிட் செய்ய இவரை அழைத்திருக்கிறது. அறுபது நாள் வேலை. பினாங்கிலும் கேமரன் மலையிலும் படப்பிடிப்பு. மொத்த ஊதியம் 3,60,000 ரூபாய், தங்குமிடமும் தினப் பேட்டாவும் தனி. முன்பணம் இருபது சதவீதம். மீதி, கடைசி எபிசோட் ஒளிபரப்பான பிறகு தொண்ணூறு நாளில். "இந்தியர்களுக்கு இப்போது விசாவே வேண்டாம், குடியேற்ற அதிகாரி கேட்டால் சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள், முப்பது நாள் ஆனதும் தாய்லாந்து எல்லைக்கு ஒருநாள் போய்த் திரும்பிவிடலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருக்கிறார். கூடவே, இடையில் விலகினால் ஐந்து லட்ச ரூபாய் தரவேண்டும் என்ற பாண்டு, கையெழுத்திட்ட ஆனால் தொகை எழுதாத ஒரு காசோலை, தந்தையின் பிணைக் கையெழுத்து, தோட்டப் பட்டாவின் நகல் ஆகியவற்றையும் கேட்டிருக்கிறார். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் படப்பிடிப்பு நிர்வாகத்தைக் கவனிக்கும் லைன் ப்ரொடியூசரிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

"பத்தாம் வகுப்பு தேறியவள் என்பதால் என் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை இல்லை, ஆகவே வேறு அனுமதி எதுவும் தேவையில்லைதானே? பணம் தராவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொள் என்று அண்ணன் சொல்கிறான், அது சரியா? அம்மா போகவே வேண்டாம் என்று அழுகிறாள். நான் போகலாமா?" என்பவை இவரது கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகலாம், ஆனால் இந்தத் தாள்களோடும் இந்த வழியிலும் போகக்கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உங்கள் வீட்டில் எல்லோரும் அந்நிய நாட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, உண்மையான ஆபத்து உங்கள் வீட்டுக் கூடத்தில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் காகிதங்களில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அதில் இரண்டு காகிதங்கள் அபாயமானவை, மற்றவை பேசித் திருத்திக்கொள்ளக் கூடியவை.

நுழைய விடுவது வேறு, வேலை செய்ய விடுவது வேறு

உங்கள் பாஸ்போர்ட் பற்றிய எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது நம் அரசின் குடியேற்றப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்புதல் பெறவேண்டும். அந்தச் சோதனை உங்களுக்கு இல்லை என்பதைத்தான் உங்கள் பாஸ்போர்ட் சொல்கிறது. அது இந்தியா உங்களை வெளியே விடுவது பற்றிய விஷயம். மலேசியா உங்களை அங்கே வேலை செய்ய அனுமதிப்பது பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விசா இல்லாப் பயணமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் செல்லலாம் என்பது உண்மை. அந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கவும் பட்டது. ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருவோருக்கான வருகை அனுமதி. அந்த அனுமதியில் உள்ளே போய் ஊதியத்துக்கு வேலை செய்தால், அந்நாட்டின் 1963ஆம் ஆண்டுக் குடியேற்ற விதிகளில் 39ஆம் விதியின்கீழ் ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதன்பின் நாடு கடத்தப்பட்டு, கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் மறுபடி அங்கே கால் வைப்பது கடினம். உங்களை அப்படி வேலைக்கு வைத்தவருக்கும் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் ஆளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. ஆயினும் சோதனை நடக்கும் நாளில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். ஒருங்கிணைப்பாளர் அநேகமாகச் சென்னையில் இருப்பார்.

"நான் கேமராவைத் தொடப்போவதில்லையே, அறைக்குள் உட்கார்ந்து வெட்டுவதுதானே, யாருக்குத் தெரியும்" என்று உங்களுக்குத் தோன்றலாம். யாருக்கும் தெரியாமலேகூடப் போகலாம். ஆனால் அறுபது நாளில் உங்களுக்கு உடல்நலம் கெட்டாலோ, விபத்து நேர்ந்தாலோ, ஊதியத் தகராறு எழுந்தாலோ, "சுற்றுலாப் பயணி" என்று எழுதிக்கொடுத்து நுழைந்த ஒருவர் எந்த அலுவலகத்தின் படியேறி எந்த உரிமையைக் கேட்பார்? முறையற்ற அனுமதி என்பது பிடிபடும் நாளில் மட்டும் தொல்லை தருவதில்லை. பிடிபடாத ஒவ்வொரு நாளிலும் உங்கள் வாயை அடைத்துவைக்கிறது. அது அவர்களுக்கும் தெரியும். எல்லை தாண்டித் திரும்பும் யோசனைக்கும் இதே பதில்தான்: இரண்டாம் முறை நுழைய விடுவது அதிகாரியின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. படப்பிடிப்பு பாதியில் நிற்க நீங்கள் தாய்லாந்துப் பக்கத்தில் பையோடு நின்றால், பாண்டுப்படி "இடையில் விலகியவர்" யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரியான வழி இருக்கிறது, அது எட்டாத வழியும் அல்ல. வெளிநாட்டுப் படக்குழுக்களுக்காகவே மலேசியாவில் புஸ்பால் என்று அழைக்கப்படும் மையக் குழு இயங்குகிறது. அங்கே பதிவுபெற்ற உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனம் விண்ணப்பிக்க, அந்தக் குழுவின் ஒப்புதலின் பேரில் குடியேற்றத் துறை குழுவினருக்குக் குறுகியகாலத் தொழில்முறை அனுமதி வழங்கும். படப்பிடிப்புக்கான சான்றை ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தரும். வெளிநாட்டில் ஒழுங்காகப் படம் எடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது பழகிய நடைமுறை. ஆகையால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி மிகச் சிறியது: "புஸ்பாலில் கொடுத்த குழுப் பட்டியலில் எடிட்டர் என்று என் பெயர் இருக்கிறதா?" நடிகர்களுக்கும் கேமராக்காரர்களுக்கும் முறையாக எடுத்துவிட்டு, அறைக்குள் இருப்பவர்தானே என்று எடிட்டரையும் உதவியாளர்களையும் மட்டும் சுற்றுலாவாக அனுப்பிச் செலவை மிச்சம் பிடிப்பதும் நடக்கக்கூடியதே, எனவே நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள், உங்கள் பெயரில் உள்ள தாளைப் பாருங்கள்.

அப்பாவின் கையெழுத்து

"பட்டாவின் நகல்தானே கேட்கிறார்கள், அசல் இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். நகலால் எந்த அடமானமும் உண்டாவதில்லை என்பதில் நீங்கள் சொல்வது சரி. நான் அஞ்சுவது நகலுக்கு அல்ல, அதன் மேலே வைக்கப்படும் பிணைப் பத்திரத்துக்கு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பிணை நிற்பவரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் மகளிடம் கேட்டு, அவர் தராவிட்டால்தான் தந்தையிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுவனம் நேரே உங்கள் அப்பா மீதே வழக்குத் தொடுக்கலாம். தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனால் அவர் பெயரில் உள்ள சொத்து ஜப்திக்கு வரும். விவசாயி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. தோட்டத்துக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. பட்டா நகலை ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்: எந்தச் சர்வே எண்ணைக் காட்டி ஜப்தி கேட்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளத்தான்.

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். அறுபது நாள் எடிட்டிங் வேலைக்குத் தந்தையின் நிலத்தைப் பிணையாகக் கேட்பது தொழில் வழக்கமும் அல்ல, நியாயமும் அல்ல. "அப்பா இதில் கையெழுத்துப் போடமாட்டார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மகளுக்காக எதையும் செய்யத் துணியும் ஒரு தகப்பனிடம் அந்த முடிவை விட்டுவைக்காதீர்கள்.

தொகை எழுதாத காசோலை இரண்டாவது அபாயம். வெற்றுக் காசோலை சட்டப்படி செல்லாது என்று பலரும் நம்புகிறார்கள், அது தவறு. கையெழுத்திட்டு மனமறிந்து கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களைப் பெற்றுக்கொண்டவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடன் ஏதும் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். காசோலை பணமில்லாமல் திரும்பினால் தொடுக்கப்படும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்குக்கு இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ உண்டு. அதுவும் காசோலையைப் பணமாக்கத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை இருக்கும் இடத்தில், அதாவது சென்னையில் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கி ரயிலேறுவது எவ்வளவு நாளைத் தின்னும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்து லட்ச ரூபாய்ப் பாண்டு மட்டும் தனியாக இருந்தால், பார்வைக்குத் தெரியும் அளவுக்கு அது பயங்கரமானது அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகை முழுவதையும் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். மாற்று எடிட்டரை அனுப்ப ஆன விமானச் செலவு, கூடுதல் ஊதியம் ஆகியவை நியாயமானவை. 3,60,000 ரூபாய் ஊதியத்துக்கு ஐந்து லட்சம் தண்டம் என்பது நியாயம் என்று நிலைநாட்டுவது அவர்களுக்கு எளிதல்ல. "காரணமின்றி விலகினால், விமானச் செலவையும் அதுவரை பெற்ற முன்பணத்தில் வேலை செய்யாத பகுதியையும் திருப்பித் தருவேன்" என்று மாற்றி எழுதக் கேளுங்கள். நோய், குடும்பத்தில் இறப்பு, அனுமதி கிடைக்காமை, ஊதியம் தாமதமாதல் ஆகியவை காரணங்களாகப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் ஓராண்டு வேறு எந்தச் சானலுக்கும் வேலை செய்யக்கூடாது என்ற வரியையும் நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். வேலை முடிந்த பிறகும் தொழில் செய்யத் தடை போடும் அத்தகைய நிபந்தனை 27ஆம் பிரிவின்படி செல்லாது. அதை நீக்கச் சொல்லுங்கள், அவர்கள் நீக்காவிட்டாலும் அதற்காக வேலையை விடவேண்டாம்.

பணமும் ஹார்ட் டிஸ்க்கும்

உங்கள் அண்ணன் சொல்வதில் சட்டத்தின் ஒரு கீற்று இருக்கத்தான் செய்கிறது. ஒருவரின் பொருள்மீது உழைப்பையும் திறமையையும் செலவிட்டவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. தையற்காரர் துணிக்கு இது பொருந்தும் என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அந்த உரிமை போய்விடும். உங்களுக்குக் கொடுத்திருக்கும் பத்திரத்தில் "கேட்டவுடன் எல்லாத் தரவையும் ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் டிஸ்க்கைப் பிடித்துவைத்தால் அது உரிமைப் பிரச்சினையாக இராமல், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடிப் புகாராக மாற்றப்படும். கோபத்தில் கணினியில் வெட்டி அடுக்கிய டைம்லைனை அழித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெட்டியது நான்தானே, படைப்புரிமை எனக்கும் உண்டல்லவா என்றும் சிலர் கேட்பதுண்டு: நம் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்பதிவுப் படைப்பின் ஆசிரியராகத் தயாரிப்பாளரைத்தான் கருதுகிறது. பெயர் டைட்டிலில் வரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே பணத்துக்கான பிடிமானத்தை டிஸ்க்கில் தேடாதீர்கள், தவணைகளில் தேடுங்கள். "ஒளிபரப்புக்குப் பின்" என்ற சொல்லை ஏற்கவே வேண்டாம்; ஒளிபரப்பு உங்கள் கையில் இல்லை, பல சமயம் அது தயாரிப்பாளர் கையிலும் இல்லை. முப்பது சதவீதம் விமானம் ஏறும் முன், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை சமமான தவணை, கடைசிப் பத்து சதவீதம் மட்டும் இறுதிக் கோப்புகளை ஒப்படைத்த முப்பது நாளில் என்று கேளுங்கள். இருபத்தைந்துக்கு இறங்கினாலும் பரவாயில்லை. ஊர் திரும்பும்போது பாக்கி சிறியதாக இருப்பதுதான் முக்கியம்.

இதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். கையெழுத்திடும் முன்பே, சிறுதொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் உங்களைக் குறுந்தொழில் சேவை நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. நீங்கள் மாதச் சம்பளக்காரராக அல்லாமல் பில் அனுப்பிப் பணம் பெறும் தொழில்முறையாளராகப் போகிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு உதவும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். தகராறு வந்தால், வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் இடத்தில் இத்தகைய பாக்கித் தகராறுகளுக்காக அந்தச் சட்டப்படி அமைந்த வசதி மன்றமே விசாரிக்கும் அதிகாரம் உடையது. நமக்குக் கோவை மன்றம். ஒப்பந்தத்தில் மும்பை நீதிமன்றம் என்றோ, நிறுவனமே நியமிக்கும் ஒற்றை மத்தியஸ்தர் என்றோ எழுதியிருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும். வேலை முடிந்து பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகம் என்பதால்தான் முன்பே என்று அழுத்திச் சொல்கிறேன்.

தரவு இழப்புக்கு எடிட்டரே முழுப் பொறுப்பு என்ற வரியும் உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. இதை இரண்டு வழியில் கட்டுப்படுத்தலாம். ஒன்று, ரஷஸை, அதாவது வெட்டப்படாத மூலப் பதிவுகளை, இறக்கி இரண்டு பிரதி எடுத்துவைப்பது தரவு மேலாளரின் வேலை என்று எழுதி வாங்குவது. தனி ஆள் இல்லாமல் அதையும் நீங்களே செய்ய வேண்டுமென்றால், அது தனி ஊதியத்துக்குரிய வேலை. இரண்டு, ஒவ்வொரு நாளும் டிஸ்க் கைமாறும்போது ஒரு சீட்டு எழுதுவது: டிஸ்க்கின் வரிசை எண், எந்த நாள் எந்த கேமரா, எத்தனை கோப்பு, மொத்த அளவு, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. இரவு ஒரு மணிக்கு, நனைந்த மழைச்சட்டையோடு வந்து டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகும் உதவியாளரை நிறுத்திவைத்துக் கையெழுத்து வாங்குவது சங்கடமாகத்தான் இருக்கும். வாங்குங்கள், சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பதினொன்றாம் நாள் ஃபுட்டேஜைக் காணோம் என்று சென்னையிலிருந்து கூச்சல் வரும்போது, இரண்டு பிரதிகளும் யாரிடம் இருந்தன என்பதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

உங்களிடம் சொந்த லேப்டாப்பையும் நிறுவனத்தின் மூன்று பெரிய டிஸ்க்குகளையும் பெட்டியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். புறப்படும்போது இந்தியச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது எங்கே வாங்கியது என்ற கேள்வி எழாது. நிறுவனத்தின் கருவிகளை நிறுவனமே ஏ.டி.ஏ. கார்னெட் எடுத்துக் கொண்டுபோகட்டும். தொழில்முறைக் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டுவர உதவும் அந்த ஆவணத்தை நம் நாட்டில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்குகிறது, மலேசியா அதை ஏற்கும் நாடு. சுற்றுலா என்று சொல்லி நுழையும் பெண்ணின் பெட்டியில் மூன்று படப்பிடிப்பு டிஸ்க்குகள் இருந்தால் அதிகாரி என்ன நினைப்பார் என்பதை ஒருங்கிணைப்பாளர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வேலை நேரத்தைப் பற்றி ஒன்று. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவது. சென்னையில் இரவு ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டுத் திருத்தம் சொன்னால், உங்களுக்கு அப்போது பதினொன்றரை. காலை ஆறு மணிக்குப் புது ரஷஸ் வந்து நிற்கும். ஒரு கால்ஷீட் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் கூடுதல் ஊதியம் என்ன, இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் குறைந்தது எத்தனை மணி ஓய்வு என்பதை எண்ணால் எழுதி வாங்குங்கள். ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் தொழில்நுட்பப் பணியாளர்களையும் உள்ளடக்கிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒலி-ஒளிப் பணியாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்று அது சொல்கிறது. அதில் ஊதிய உச்சவரம்பு உண்டு, தவிர நீங்கள் பில் போட்டுப் பணம் வாங்குபவர் என்பதால் அந்தச் சட்டத்தையும் குறுந்தொழில் சட்டத்தையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாது. இரண்டில் உங்களுக்கு அதிகம் பயன்படுவது பின்னதே என்பது என் கருத்து.

பாஸ்போர்ட், அம்மாவின் கவலை

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அது உங்களிடம் இருக்கவேண்டியது. அனுமதிக்கு முத்திரை வைக்க ஓரிரு நாள் கேட்டால், எழுத்தில் ஒப்புகை பெற்றுக்கொண்டு கொடுக்கலாம். "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நுழைவு முத்திரை ஆகியவற்றின் படத்தை அண்ணனிடம் விட்டுச் செல்லுங்கள். கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். அம்மாவுக்கு இந்த இரண்டையும் தாளில் எழுதிக்கொடுங்கள்.

அம்மாவின் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளிநாடு என்பதால் நம் சட்டம் கைவிட்டுவிடும் என்று அவர் நினைப்பது சரியல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பணியின் நிமித்தம் சென்ற எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனத்தையும்கூடப் பணியிடமாகக் கருதுகிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் அதில் பணியாளரே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதே நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும். தனியறையா, பகிரும் அறையா, இரவு வேலை முடிந்தால் தங்குமிடத்துக்கு யார் கொண்டுவிடுவார்கள், பணிக்காலத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்பவையும் பத்திரத்தில் வரட்டும். சாதாரணச் சுற்றுலாக் காப்பீட்டை நம்பிப் போகவேண்டாம். வேலையின்போது நேர்ந்ததற்குப் பணம் தரமாட்டோம் என்று மறுக்க அதில் இடம் இருக்கும். கேமரன் மலையிலும் நம்மைப் போலவே தேயிலையும் குளிரும் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு என்று சொன்னால் அம்மாவின் மனம் கொஞ்சம் ஆறக்கூடும்; ஆனால் அதைச் சட்டப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரியைப் பொறுத்தவரை அறுபது நாள் வெளியே இருந்ததால் நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடமாட்டீர்கள். சென்னை நிறுவனம் தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிட்டுத் தரும், கணக்குத் தாக்கல் செய்து, அதிகம் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம். ஆண்டு வருமானம் இருபது லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது என்ன செய்வது

தொலைபேசியில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். சண்டைக்குப் போகும் தொனி வேண்டாம். இந்த மாதிரி எழுதலாம்:

"இந்த வேலையில் சேர எனக்கு விருப்பம். என் பெயரில் மலேசியத் தொழில்முறை அனுமதி கிடைத்த நகல் வந்ததும் பயணத்துக்குத் தயார். பிணைப் பத்திரமும் வெற்றுக் காசோலையும் தர என் குடும்பத்தால் இயலாது. அதற்குப் பதிலாக, காரணமின்றி விலகினால் விமானச் செலவையும் வேலை செய்யாத முன்பணத்தையும் திருப்பித் தர எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஊதியத் தவணை பற்றிய என் யோசனையை இணைத்திருக்கிறேன்."

இதற்கு இரண்டு விதமாகப் பதில் வரலாம். அனுமதிக்கு ஏற்பாடு செய்கிறோம், பாண்டைத் திருத்துகிறோம் என்று பேச்சுவார்த்தைக்கு வந்தால், அது வேலை நடத்தத் தெரிந்த நிறுவனம். ஊதியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது போய்வாருங்கள், தளத்தில் உட்கார்ந்து வெட்டிய அனுபவம் உங்கள் தொழிலில் பின்னால் பலன் தரும். "மற்ற எடிட்டர்கள் எல்லாம் இப்படித்தான் போனார்கள், உங்களுக்கு மட்டும் என்ன" என்று பதில் வந்தால், அதே நிறுவனத்திடம் இன்னொரு வழியைக் கேட்டுப் பார்க்கலாம்: தளத்தில் ப்ராக்ஸி கோப்புகளை, அதாவது அளவு குறைத்த பிரதிகளை, உருவாக்கி அனுப்பட்டும், நீங்கள் இங்கிருந்தே எபிசோடை வெட்டித் தருகிறீர்கள். உங்கள் ஊர் இணையம் இதற்குத் தாங்காது என்பது தெரிந்ததே. அந்த இரண்டு மாதத்துக்குக் கோவையில் ஓர் அறை எடுத்துத் தங்கினாலும் செலவு கட்டுப்படியாகும். அதற்கும் ஒப்பவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

திருத்திய பத்திரம் வந்ததும் கையெழுத்திடும் முன் ஒருவரிடம் காட்டுங்கள். வழக்கறிஞர் கட்டணம் ஒரு பாரமாக இருந்தால், உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும், ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதியையும், குறிப்பாகச் சுற்றுலா என்று சொல்லச் சொன்ன அந்தச் செய்தியையும், எடுத்துச் செல்லுங்கள்.